புளியங்கொட்டையும் முட்டை அட்டையும் போதும்: ஒண்ணு, ரெண்டாம் வகுப்புக்கு விளையாட்டுல கணக்கு ஆரம்பிக்கிறது எப்படி

நூறு வரைக்கும் மூச்சு விடாம சொல்ற பிள்ளைகிட்ட "எட்டு கொட்டை எடுத்துக் குடு கண்ணு"ன்னு கேட்டுப் பாருங்க. கை நிறைய அள்ளிக் குடுத்துட்டு சிரிக்கும். அதுக்கு எண்ணோட பேர் வரிசையா தெரியும், எட்டுன்னா எவ்வளவுன்னு தெரியாது. ஒண்ணாம் வகுப்புல நாம சரி பண்ண வேண்டிய முதல் விஷயம் இதுதான், இதை கரும்பலகையில எழுதிப் போட்டு சரி பண்ண முடியாது, கை வேலை செஞ்சாதான் வரும். நம்ம ஊர் விளையாட்டு அத்தனையும் கை வேலை.

நான் ஒரு ஈராசிரியர் பள்ளியில ஒண்ணு, ரெண்டு, மூணு மூணையும் ஒரே ரூம்ல வச்சு எடுக்குறேன். புதுசா வேலைக்கு வந்தவங்க, இல்லம் தேடிக் கல்வியில சாயங்காலம் பிள்ளைங்கள வச்சிருந்தவங்க, வீட்டுல பிள்ளைக்கு சொல்லிக் குடுக்குற அம்மா அப்பா, யாருக்கு வேணாலும் இது உதவும்னு நினைச்சு எழுதுறேன். 2022 ஜூன்ல அரசுப் பள்ளிகள்ல ஒண்ணுல இருந்து மூணாம் வகுப்பு வரைக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததுல இருந்து விளையாட்டு, பாட்டு, பொருள் எல்லாம் வகுப்புக்குள்ள வர்றது சாதாரணமாயிடுச்சு, அதனால யார்கிட்டயும் பெருசா அனுமதி கேட்டு நிக்க வேண்டியதில்ல, பாடக்குறிப்புல ஒரு வரி எழுதிட்டா போதும்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க. பிள்ளை ஜெயிக்கிறதுக்கு அந்தக் கணக்கு தேவைப்படணும். ஆட்டத்த நடுவுல நிறுத்தி நாம கேக்குற கணக்கு ஒட்டாது. நான் முதல் வருஷம் இந்தத் தப்பதான் பண்ணேன். ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா போய் "இப்ப எத்தன இருக்கு, கூட்டுனா எத்தன, எங்க சொல்லு பாப்போம்"னு கேட்டுக்கிட்டே இருந்தேன். மூணாவது நாள் பல்லாங்குழிய எடுத்து வச்சதும் ஒரு பொண்ணு கேட்டுச்சு, "டீச்சர், இன்னிக்கு நிஜமாவே விளையாடுறதா, இல்ல கணக்கா?" அன்னிக்கு சாயங்காலம் வீட்டுக்குப் போற பஸ்ல முழுக்க அதே யோசனைதான். அதுக்கப்புறம் நான் கேள்வி கேக்குறத விட்டுட்டு விதிய மாத்த ஆரம்பிச்சேன், எண்ணத் தெரிஞ்சா ஜெயிக்கலாம்ங்குற மாதிரி. அந்த மாத்தம்தான் எல்லாத்தையும் மாத்துச்சு.

முதல்ல சாமான் சேர்க்கணும்

காசு செலவே வேண்டாம். புளியங்கொட்டை ஒரு பெரிய டப்பா நிறைய. முட்டை அட்டை, அதான் 30 முட்டை வைக்கிற காகித அட்டை, அஞ்சு. சத்துணவு அக்காகிட்ட ஒரு வாரம் முன்னாடியே சொல்லி வச்சா எடுத்து வச்சிருப்பாங்க, வாங்கினதும் ரெண்டு நாள் நல்ல வெயில்ல காயப் போட்டுருங்க, முட்டை உடைஞ்சு ஒழுகுன அட்டைய எடுக்கவே வேண்டாம். கொட்டாங்குச்சி ஒரு இருபது. சாக்பீஸ். வழவழன்னு இருக்கிற கூழாங்கல் கொஞ்சம், ஆத்துக் கல் இல்லன்னா கட்டட வேலை நடக்குற இடத்துல ஜல்லி பொறுக்கலாம், ஆனா கூர் இருந்தா கையக் கிழிக்கும், பாத்து எடுங்க.

குன்றிமணி மட்டும் வேண்டவே வேண்டாம். அழகா சிவப்பும் கருப்புமா இருக்கும், பழைய வீடுகள்ல பல்லாங்குழிப் பெட்டிக்குள்ளயே கிடக்கும், பாட்டி ஆசையா குடுத்து விடுவாங்க. அது கடுமையான விஷம், கடிச்சு முழுங்கிட்டா உயிருக்கே ஆபத்து. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை எதையும் வாயில போடும், மூக்குலயும் போடும். புளியங்கொட்டையா இருந்தாலும் ஒரு கண்ணு அங்கயே இருக்கட்டும், அங்கன்வாடி வயசுப் பிள்ளைங்க பக்கத்துல இருந்தா கொட்டையே எடுக்காதீங்க.

முட்டை அட்டைய எப்படி வெட்டுறதுன்னா, ஒரு பக்கம் 5 குழி, இன்னொரு பக்கம் 6 குழி இருக்கும்ல, ரெண்டு ரெண்டு வரிசையா வெட்டுனா ஒரு அட்டையில 3 பல்லாங்குழி கிடைக்கும், ஒவ்வொண்ணுலயும் இந்தப் பக்கம் 5 அந்தப் பக்கம் 5. அஞ்சு அட்டைன்னா 15 பலகை, 30 பிள்ளைங்க ஜோடி ஜோடியா உக்காரலாம். நிஜப் பல்லாங்குழியில பக்கத்துக்கு 7 குழி, மொத்தம் 14, அத மூணாம் வகுப்புக்கு வச்சுக்கலாம், சின்னதுங்களுக்கு 10 குழியே நல்லது, காரணம் பின்னாடி சொல்றேன்.

முதல் வாரம்: ஒத்தையா ரெட்டையா

பல்லாங்குழிய முதல் நாளே எடுக்காதீங்க. விதி நிறைய, பிள்ளைங்க குழம்பும். ஒத்தையா ரெட்டையால ஆரம்பிங்க, விதியே இல்லாத விளையாட்டு. ஆளுக்குப் பத்து கொட்டை. ஒருத்தர் கொஞ்சம் எடுத்துக் கைக்குள்ள மூடிக்கணும், எதிர்ல இருக்கறவங்க ஒத்தையா ரெட்டையான்னு சொல்லணும், கையத் திறந்து ஜோடி ஜோடியா தரையில அடுக்கணும், ஜோடி இல்லாம ஒண்ணு தனியா நின்னா ஒத்தை.

இந்த அடுக்குறதுதான் முக்கியம். எண்ணிப் பாத்து "ஏழு, அதனால ஒத்தை"ன்னு சொல்ல வைக்காதீங்க, ஏழு ஏன் ஒத்தைன்னு அதுக்குத் தெரியாது, நீங்க சொன்னதத் திருப்பிச் சொல்லும் அவ்வளவுதான். ஜோடி போடட்டும், தனியா நிக்கிறதக் கண்ணால பாக்கட்டும். நாலஞ்சு நாள் கழிச்சு அதுவே "டீச்சர், ஏழு எப்பவுமே ஒத்தைதான் வருது"ன்னு ஓடி வரும். வரலன்னா இன்னும் ரெண்டு நாள் விளையாட விடுங்க, அவசரமே இல்ல.

ரெண்டாம் வகுப்புக்கு ஒரு படி மேல போகலாம். ரெண்டு பேரும் கைய மூடி, தனித்தனியா ஒத்தை ரெட்டை பாத்துட்டு, அப்புறம் ரெண்டு கையையும் சேர்த்துக் கொட்டி அடுக்கச் சொல்லுங்க. ரெண்டு ஒத்தை சேர்ந்தா தனியா நின்ன ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஜோடியாயிரும். அதப் பாக்குறப்ப பிள்ளைங்க முகத்துல வர்ற வெளிச்சம் இருக்கே, அதுக்காகவே இந்த வேலைக்கு வந்தோம்னு தோணும்.

ஜெயிச்சவங்க கொட்டைய எடுத்துக்குற விதி ஊர்ல உண்டு. வகுப்புல வேண்டாம், சூதாட்டம் சொல்லிக் குடுக்குறாங்கன்னு யாராவது ஒரு தாத்தா கேட்டுருவாரு, அதோட தோத்த பிள்ளைகிட்ட கொட்டை தீந்துட்டா அது சும்மா உக்காந்திருக்கும். யாருக்கு அதிகம் பயிற்சி வேணுமோ அந்தப் பிள்ளைதான் முதல்ல வெளிய போகும். இத எல்லா விளையாட்டுலயும் பாத்துக்கோங்க. அவுட் ஆகி உக்காருற விதி இருந்தா மாத்திருங்க.

ரெண்டாவது வாரத்துல இருந்து பல்லாங்குழி

ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு விதி இருக்கும், ஒரே வகுப்புல ரெண்டு தெருப் பிள்ளைங்க இருந்தாலே சண்டை வரும், அதனால ஒரு விதிய கரும்பலகையில எழுதி இந்த மாசம் இதான்னு சொல்லிருங்க. நான் வச்சிருக்குற விதி இது. குழிக்கு 5 கொட்டை, மொத்தம் 50. ரெண்டு பேரும் ஒரே சுத்துலதான் போகணும். தன் பக்கத்துக் குழி ஒண்ணுல இருக்குறத முழுசா எடுத்து அடுத்தடுத்த குழியில ஒண்ணொண்ணா போட்டுக்கிட்டே வரணும். கையில தீந்ததும் அதுக்கு அடுத்த குழியில இருக்குறத எடுத்துத் தொடரணும். அடுத்த குழி காலியா இருந்தா அதத் தடவிட்டு, அதுக்கும் அடுத்த குழியில இருக்குறது நமக்கு, ஆட்டம் எதிராளிக்கு. அந்தக் குழியும் காலின்னா ஒண்ணும் கிடையாது. ஒரு குழியில கொட்டை விழுந்து சரியா 4 ஆனா அது பசு, அந்தக் குழி யார் பக்கமோ அவங்க உடனே எடுத்துக்கலாம், ஆனா அடுத்த கொட்டை அதுல விழறதுக்குள்ள பாத்துச் சொல்லணும், விட்டா போச்சு.

அந்தக் கடைசி விதிதான் ஒண்ணாம் வகுப்புக்கு உயிர். பசுவ எண்ணிப் பாத்து எடுக்க நேரமே இருக்காது, பாத்த உடனே நாலுன்னு தெரியணும். முதல் ரெண்டு நாள் விரல் வச்சு எண்ணும், பசு போயிரும், எதிராளி சிரிப்பான், மூணாம் நாள்ல இருந்து எண்ணாமலே கண்ணுல நாலு தெரிய ஆரம்பிக்கும். எந்தப் பயிற்சித் தாளாலயும் இந்த வேகத்தக் குடுக்க முடியாதுன்னு நான் உறுதியா நம்புறேன்.

குழிக்கு எத்தன கொட்டை வைக்கிறதுன்னு ஒரு விஷயம். சின்னப் பிள்ளைங்கதானேன்னு நான் முதல்ல குழிக்கு 3 வச்சேன். முதல் கொட்டை விழுந்ததுமே 4 ஆகி பசு, அடுத்த குழியும் பசு, அதுக்கடுத்ததும் பசு, ஒரு நிமிஷத்துல பலகை காலி, பிள்ளைங்களுக்கு என்ன நடந்துச்சுன்னே புரியல. 5 வச்சாதான் பசு மெதுவா, காலியான குழி திரும்ப நிரம்பும்போது வரும். அதோட 5 வச்சா அடுக்குறப்பவே அஞ்சு, பத்து, பதினஞ்சுன்னு வாயில வந்துரும், அம்பதுல முடியும், அம்பதுல முடியலன்னா எங்கயோ தப்பா வச்சிருக்குன்னு அதுங்களே தேடும்.

ஆடுறப்ப நீங்க சும்மா சுத்தி வாங்க, பாருங்க, பேசாதீங்க. ஒரு குழியில ரெண்டு கொட்டை விழுதா, ஒரு குழியத் தாண்டிப் போகுதா, அந்தப் பிள்ளைக்கு ஒண்ணுக்கு ஒண்ணு இன்னும் கைக்கு வரல, அதுக்குத் தனியா கொட்டாங்குச்சி வரிசை வச்சு ஒண்ணொண்ணா போட வச்சா ரெண்டு மூணு நாள்ல வந்துரும். போடுறதுக்கு முன்னாடியே விரலக் காத்துல நகர்த்தி எங்க முடியும்னு பாக்குதா, அது ரெண்டு படி மேல இருக்கு, அதுக்குச் சமமான ஆளத் தேடி எதிர்ல உக்கார வைங்க. எண்ணும் எழுத்தும்ல அரும்புங்குற ஆரம்ப நிலைப் பிள்ளையையும் மலர்ங்குற மேல் நிலைப் பிள்ளையையும் ஜோடி போட்டா நல்லா கத்துக்கும்னு பலர் சொல்வாங்க, மத்த வேலைக்குச் சரியா இருக்கலாம், பல்லாங்குழிக்கு நான் ஒத்துக்க மாட்டேன். தெரிஞ்ச பிள்ளை பொறுமை இல்லாம தெரியாத பிள்ளையோட கொட்டையையும் வாங்கி அதுவே போட்டுரும்.

ஆட்டம் முடிஞ்சதும் வர்ற கணக்குதான் ரெண்டாம் வகுப்புக்கு அல்வா மாதிரி. ஒருத்தர் பக்கம் முழுக்கக் காலியாயிட்டா நிறுத்திரணும், எதிர்ப்பக்கம் மிச்சம் இருக்குறது எதிராளிக்கே. அப்புறம் அவங்கவங்க ஜெயிச்சத வச்சுத் தன் குழிய அஞ்சஞ்சா ரொப்பணும், இது ஊர்ல பாட்டிங்க ஆடுற முறையேதான், நாம புதுசா சேத்தது இல்ல. 28 இருந்தா அஞ்சு குழியும் நிரம்பி 3 மிச்சம். எதிராளிகிட்ட 22 இருக்கும், நாலு குழி நிரம்பும், 2 மிச்சம், ஒரு குழி மூடிரும், அடுத்த ஆட்டத்துல அந்தக் குழியத் தொடக்கூடாது. வகுத்தல்னு பேரே சொல்லாம ஈவும் மீதியும் வந்துருச்சு, அதுவும் எத்தன குழி ரொம்பும்னு அந்தப் பிள்ளைக்கு உசிரு போற அக்கறை இருக்குறப்ப.

ஒரு நாள் ஒரு ஜோடி சண்டை போட்டுக்கிட்டு வந்துச்சு. இவன் 28ங்குறான், அவ 21ங்குறா. நான் ஒண்ணுமே சொல்லாம, "ரெண்டையும் சேத்தா எவ்வளவு வரணும்?"னு மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் முழிச்சாங்க. அப்புறம் அவ சொன்னா, "அம்பது வரணும் டீச்சர், ஒண்ணு கம்மியா இருக்கு." ரெண்டு பேரும் மறுபடி எண்ணுனாங்க, அதே 28, அதே 21. பையன் பாயத் தூக்குனான், பாய்க்கு அடியில ஒரு கொட்டை கிடந்துச்சு. அதுக்கப்புறம் எங்க வகுப்புல யாரும் ரெண்டு பக்கமும் எண்ணுறதில்ல, தன்னோடத எண்ணிட்டு அம்பதுல இருந்து கழிச்சு எதிராளிக்கு எவ்வளவுன்னு சொல்லிர்றாங்க, கழித்தல் எதுக்குன்னு நான் விளக்கவே வேண்டியிருக்கல.

இன்னொண்ணு, இத நீங்க வீட்டுல உக்காந்து ஒரு தடவ போட்டுப் பாருங்க. 10 குழி, குழிக்கு 5, முதல்ல ஆடுறவங்க அவங்க பக்கத்துல எந்தக் குழியில ஆரம்பிச்சாலும் முதல் ஆட்டத்துல 8 கொட்டைதான் கிடைக்கும், கூடவும் கிடைக்காது குறையவும் கிடைக்காது. ரெண்டாம் வகுப்புல ஒரு பொண்ணுதான் இதக் கண்டுபிடிச்சுச்சு, "டீச்சர், முதல்ல ஆடுனா எட்டு வருது, எப்பவுமே எட்டு"ன்னு. முதல்ல நான் நம்பல, உக்காந்து மூணு தடவ வேற வேற குழியில ஆரம்பிச்சுப் போட்டுப் பாத்தேன், எட்டு, எட்டு, எட்டு. எல்லாக் குழியிலயும் ஒரே அளவு இருக்குறப்ப எங்க ஆரம்பிச்சா என்ன, சுத்து ஒண்ணுதானே. அப்புறம் மூணாம் வகுப்புக்காரங்க நிஜப் பலகையில 14 குழியில அதே மாதிரி 5 வச்சுப் பாத்தாங்க, அங்க 7 வந்துச்சு. ஏன் இங்க 8 அங்க 7ன்னு ஒரு பீரியட் முழுக்க ஓடுச்சு, நான் பாடம் எடுக்கவே இல்ல.

10 குழி சின்னதுங்களுக்கு நல்லதுன்னு சொன்னதுக்குக் காரணம் இதான், மொத்தம் அம்பதுக்குள்ள நிக்கும், சுத்து சீக்கிரம் முடியும், ஒரு பீரியடுக்குள்ள ரெண்டு ஆட்டம் வந்துரும்.

அஞ்சாங்கல்

சொட்டாங்கல், கல்லாங்காய், ஊருக்கு ஒரு பேரு. அஞ்சு கல்லத் தரையில போட்டு ஒண்ண மேல வீசி, அது கீழ வர்றதுக்குள்ள கீழ இருக்குறத எடுக்கணும். ஒண்ணான்ல ஒவ்வொண்ணா, ரெண்டான்ல ரெண்டு ரெண்டா, மூணான்ல மூணும் ஒண்ணும், நாலான்ல நாலும் ஒரே வீச்சுல.

இத சிலேட்டுல எழுத வச்சுப் பாருங்க: 1+1+1+1, 2+2, 3+1, 4. நாலுங்குற எண்ண உடைக்கிற வழியில 2+1+1 ஒண்ணத் தவிர மத்ததெல்லாம் அதுல இருக்கு. ஏழாங்கல் ஆடுறவங்களுக்கு இன்னும் சுகம், கீழ 6 கல். ரெண்டான்ல மூணு வீச்சு, மூணான்ல ரெண்டு வீச்சு, நாலான்ல நாலு எடுத்தா 2 மிச்சம், அஞ்சான்ல 1 மிச்சம். "மூணான்ல ஏன் மிச்சமே வரல?"ன்னு ஆட்டம் முடிஞ்சப்புறம் கேளுங்க, ஒரே ஒரு கேள்வி, பதில் வரலன்னா விட்டுட்டு நாளைக்குப் பாத்துக்கலாம்.

சிக்கல் என்னன்னா அஞ்சரை ஆறு வயசுப் பிள்ளைக்கு வீசிப் பிடிக்கிற கை இன்னும் வந்திருக்காது. பத்துத் தடவ கல்லு விழுந்தா வெறுத்துரும். அதனால ஒண்ணாம் வகுப்புக்கு வீசறத எடுத்துருங்க, பதிலா எதிராளி ஒரு தடவ கை தட்டுறதுக்குள்ள எடுக்கணும்னு வைங்க. இல்லன்னா கல்லுக்குப் பதிலா துணியச் சுருட்டி நூல் கட்டுன சின்னப் பந்த வீசலாம், மெதுவா வரும், தலையில விழுந்தாலும் வலிக்காது.

பசங்க "இது பொட்டப் புள்ள விளையாட்டு"ன்னு ஒதுங்குவாங்க. எங்க பள்ளியில நானே முதல்ல தரையில உக்காந்து பசங்களோட ஆடுனேன், அதோட அந்த ஊர்லயே நல்லா ஆடுற ஒரு பாட்டிய ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கூட்டிட்டு வந்தோம். அவங்க ஆடுற வேகத்தப் பாத்ததும் பசங்க வாயப் பொளந்துட்டாங்க. மறுநாள் பத்துப் பேர் பையில கல்லு.

தாயம்

தாயக்கட்டை ரெண்டும் நாலு பக்கம், 0, 1, 2, 3. ரெண்டையும் உருட்டிக் கூட்டணும். ரெண்டும் வெறும் பக்கமா விழுந்தா 12, ஒண்ணும் வெறுமையும் விழுந்தா தாயம். பித்தளைக் கட்டை இல்லன்னா கவலையே வேண்டாம், புளியங்கொட்டைய சிமெண்ட் தரையில ஒரு பக்கம் தேய்க்கச் சொல்லுங்க, கருப்புத் தோல் போய் உள்ள வெள்ளை தெரியும். தேய்க்கிறப்ப கொட்டை சுடும், பக்கத்துப் பிள்ளை கையில வச்சு அலற விடுவாங்க, கொஞ்சம் பாத்துக்கோங்க.

ஒண்ணாம் வகுப்புக்கு நான் அஞ்சு தேய்ச்ச கொட்டைதான் குடுக்குறது. குலுக்கிப் போட்டா வெள்ளை எத்தனையோ அத்தன கட்டம் நகரணும். ஒரு வாரத்துல பிள்ளைங்க வெள்ளைய எண்ணாம கருப்பப் பாத்தே சொல்லுவாங்க, ஒரு கருப்புன்னா நாலு வெள்ளைன்னு. அஞ்ச உடைக்கிற கணக்கு முழுக்க அப்படியே கைக்கு வந்துரும். எல்லாம் கருப்பா விழுந்தா ஊர்ல பெரிய எண்ணா வச்சுக் கொண்டாடுவாங்க, ஆனா வகுப்புல முதல் மாசம் அத வெறும் பூஜ்ஜியமாவே வச்சுக்கோங்க, நகர முடியாது, அவ்வளவுதான். பூஜ்ஜியம்னா ஒண்ணும் இல்லன்னு புரிஞ்சுக்கிட்டு இருக்குற நேரத்துல அதுக்குப் பன்னெண்டு குடுத்தா பாவம் பிள்ளை குழம்பிரும்.

காய நகர்த்துறப்ப ஒரு தப்பு கண்டிப்பா வரும். 3 விழுந்தா, காய் நிக்கிற கட்டத்தையே ஒண்ணுன்னு எண்ணி ரெண்டு கட்டம்தான் போகும். இதச் சாதாரணமா விட்டுராதீங்க, இந்தப் பிள்ளைதான் பின்னாடி 8ஓட 3 கூட்டுறப்ப "எட்டு, ஒம்பது, பத்து"ன்னு எண்ணிப் பத்துன்னு எழுதும். நான் சொல்லிக் குடுக்குறது, "நிக்கிற கட்டம் வீடு, வீட்ட விட்டுக் கால வெளிய வச்சாதான் ஒண்ணு." தரையில பெரிய கட்டம் போட்டு, பிள்ளையையே காயா நிக்க வச்சு நடக்க விட்டா இன்னும் சீக்கிரம் புரியும்.

மூணாம் வகுப்புக்கு தாயக்கட்டையே குடுங்க, அம்பது தடவ உருட்டி, எந்த எண் எத்தன தடவ விழுதுன்னு கரும்பலகையில கோடு போட்டு வைங்க. பெரும்பாலும் 3தான் முன்னாடி நிக்கும், 6ம் 12ம் ரொம்பக் கம்மியா இருக்கும். ஏன்னா ரெண்டு கட்டையும் விழற வழி மொத்தம் 16, அதுல 3 வர்றதுக்கு நாலு வழி, 6க்கு ஒரே வழி, 12க்கும் ஒரே வழி. 12 கேட்டு சாமி கும்பிட்டுட்டு உருட்டுற பிள்ளைங்ககிட்ட இத எழுதிக் காட்டுனா ரொம்ப நேரம் பலகையையே பாத்துக்கிட்டு இருப்பாங்க.

பாண்டி, அப்புறம் மத்ததெல்லாம்

பாண்டிக்கு சில்லும் சாக்பீஸும் போதும். 1ல இருந்து 8 வரைக்கும் எண் எழுதுங்க, போறப்ப ஏறுவரிசை, வர்றப்ப இறங்குவரிசை, ஒவ்வொரு கட்டத்துலயும் எண்ணச் சத்தமா சொல்லணும். இறங்கு வரிசைதான் பிள்ளைங்க திக்குற இடம், நொண்டிக்கிட்டே சொல்றப்ப எப்படியோ வந்துருது. அப்புறம் எண்ண மாத்தி 2, 4, 6ன்னு போடுங்க, 10, 20, 30ன்னு போடுங்க. நொண்ட முடியாத பிள்ளை இருந்தா நடக்கட்டும், இல்ல சில்லு எறிஞ்சு விழுந்த எண்ணச் சொல்லட்டும், அந்தப் பிள்ளையக் கணக்குப்பிள்ளையா மட்டும் ஓரமா உக்கார வச்சுராதீங்க.

கண்ணாமூச்சியில கண்ணப் பொத்திக்கிட்டு நூறு வரைக்கும் பத்துப் பத்தா எண்ணச் சொன்னா ஒரு இடத்துல தமிழே நம்மளச் சோதிக்கும். பத்து, இருபது, முப்பதுன்னு வந்து எண்பதுக்கு அப்புறம் தொண்ணூறு, பேர்லயே நூறு இருக்கு, ஆனா அது நூறு இல்ல. ஒன்பதுலயும் "பது" இருக்கு, ஆனா அது பத்துக்கும் கம்மி. பிள்ளை எண்பதுக்கு அப்புறம் "ஒம்பது பத்து"ன்னு சொன்னா திட்டாதீங்க, அது சரியா யோசிச்சிருக்கு, பேர்தான் வேற. கட்டுக் கட்டா பத்துத் தீக்குச்சி ஒம்பது கட்டு காட்டி, "இதுக்கு நம்ம வச்ச பேரு தொண்ணூறு"ன்னு சொல்லிக் குடுங்க.

பரமபதம் எல்லாரும் வாங்கி வச்சிருப்பீங்க, நூறு கட்டம் போட்ட அட்டைன்னு. எண்ணிக்கைக்கு நல்லது. ஆனா பத்து கூட்டுறதச் சொல்லிக் குடுக்க அத எடுக்காதீங்க, ஒரு வரிசை இடமிருந்து வலம், அடுத்தது வலமிருந்து இடம்னு பாம்பு மாதிரி வளைஞ்சு போகும், மேல இருக்குற கட்டம் பத்து கூட இருக்காது. அதுக்கு ஒரே திசையில எழுதுன நூறு கட்டம் தனியா தரையில போட்டுக்கோங்க.

கிட்டிப்புள் நீளம் அளக்க ரொம்ப நல்லது, வகுப்பு வாசல்ல இருந்து கொடிமரம் வரைக்கும் எத்தன கிட்டின்னு அளக்க விடுங்க, ரெண்டு குழு வேற வேற நீளக் கிட்டியால அளந்து வேற வேற எண்ணிக்கை சொல்லுவாங்க, ஸ்கேல் எதுக்குன்னு அப்பதான் புரியும். ஆனா கிட்டியால புல்ல அடிச்சு ஆட விடாதீங்க, அந்தச் சின்னக் குச்சி பறந்து கண்ணுல பட்டா போச்சு. ஆடுபுலி ஆட்டம், 3 புலி 15 ஆடு, மூணாம் வகுப்புக்கு மேல வச்சுக்கோங்க, அதுக்குக் கணக்க விட முன்கூட்டி யோசிக்கிற பொறுமை வேணும்.

ஒரு பீரியட் எப்படிப் போகும்

40 நிமிஷம்னா, சாமான் குடுத்து அடுக்க 5 நிமிஷம். ஆட்டம் 20, இதுல நீங்க பேச்சே குடுக்கக் கூடாது. அப்புறம் எல்லாரையும் வட்டமா உக்கார வச்சு 5 நிமிஷம் ஒரே ஒரு கேள்வி, ரெண்டாவது கேள்வி நாளைக்கு. அடுத்த 5 நிமிஷம் சிலேட்டு. ஆடுனத எழுத்தாக்குற இந்த வேலைய விட்டுராதீங்க, விளையாட்டு விளையாட்டாவும் புத்தகம் புத்தகமாவும் தனித்தனியா நின்னுரும். ஒண்ணாம் வகுப்பு கொட்டைய வரைஞ்சு பக்கத்துல எண் எழுதட்டும், ரெண்டாம் வகுப்பு 28+22=50ன்னு எழுதட்டும்.

மிச்சம் 5 நிமிஷம் எடுத்து வைக்கிறதுக்கு. ஒவ்வொரு கொட்டாங்குச்சியிலயும் 50 கொட்டை இருக்கணும், பத்துப் பத்தா அஞ்சு குவியல் வச்சு, சரி பாத்துப் போட்டாதான் பெல்லுக்கு வெளிய போகலாம். 47 இருந்தா எத்தன தேடணும்னு அதுங்களே சொல்லும். இந்த அஞ்சு நிமிஷத்துல கத்துக்குற இடமதிப்பு சில நாள் மத்த 35 நிமிஷத்தையும் விடப் பெருசா இருக்கும்.

சத்தம் வரும். பக்கத்து வகுப்புக்குத் தொந்தரவுன்னா மரத்தடிக்குப் போங்க, இல்லன்னா எதிர் வகுப்பும் விளையாட்டுப் பாடவேளை வைக்கிற நேரமாப் பாத்து வைங்க. "படிக்க அனுப்புனா விளையாட விட்டுட்டு இருக்காங்க"ன்னு பெத்தவங்க சொல்றதும் உண்டு, நானும் கேட்டிருக்கேன், கோவப்படாம அந்த அம்மாவையே பிள்ளையோட ஒரு ஆட்டம் ஆட வைங்க, கடைசியில 50ல இருந்து கழிச்சு பிள்ளை சொல்றத அவங்களே கேக்கட்டும்.

பதிவு பெருசா வேண்டாம். ஒரு நோட்டுல பிள்ளை பேருக்கு நேரா மூணு கட்டம்: ஒவ்வொண்ணா போடுதா, பாத்ததும் நாலு தெரியுதா, விட்ட இடத்துல இருந்து மேல எண்ணுதா. ஒரு நாளைக்கு நாலு பிள்ளைய மட்டும் பாத்து டிக் போட்டா போதும், ரெண்டு வாரத்துல வகுப்பு முழுக்க முடிஞ்சுரும்.

கொட்டை சேர்க்குறதுக்கு மாசி, பங்குனியப் பாத்து வச்சுக்கோங்க, புளி உடைக்கிற சீசன், எந்த வீட்டுத் திண்ணையிலயும் கொட்டை குமிஞ்சு கிடக்கும், ஒரு பை கேட்டா ரெண்டு பை குடுப்பாங்க. கழுவி, மூணு நாள் காய வச்சு, வண்டு விழாம இருக்க கைப்பிடி காஞ்ச வேப்பிலையோட டப்பாவுல போட்டு மூடிருங்க. ஜூன்ல பள்ளி திறந்ததும் முதல் நாளே திறக்கலாம்.